சாவி வீட்டில்தான் இருக்கிறது

வண்டி கிளம்பியது.

சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல் கிடந்தது!

நீங்கள் நம்ப மாட்டீர்கள். மாப்பிள்ளையும் நம்பவில்லை. மாடி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தவர், மாமனாரின் வெள்ளைக் கார் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பட்டப்பகல். எதிர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கத்தவில்லை. எதற்குக் கத்த வேண்டும்? கண்ணாடி உடையவில்லை, ஒயர் அறுபடவில்லை, ஒரு கீறல் கூட இல்லை.

நடந்தது இதுதான்.

தோளில் லேப்டாப் பையோடு ஒருத்தன் வாசல் கதவருகே நின்றான். விலாசம் தேடுகிறவன் பாவனை. பைக்குள் லேப்டாப் இல்லை. சாவி இல்லாமலே கதவைத் திறக்கலாம், பட்டனைத் தட்டி ஓட்டலாம் என்று பெருமையாக விற்கிறார்களே, அந்த மாதிரிக் காரின் சாவி, 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று சிக்னலாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்த சாவியின் முணுமுணுப்பை இந்தப் பை பிடித்தது. காரின் பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு அனுப்பியது. சாவி பக்கத்தில் வந்துவிட்டதாகக் கார் நம்பியது. கதவைத் திறந்துவிட்டது.

அவ்வளவுதான் திருட்டு!

பைக்காரன் ஒரு சந்தில் மறைந்தான். காரோடு போனவனைத் தொழிலில் சுருட்டை என்பார்கள். தலைமுடி அப்படி.

மாப்பிள்ளை பதறவில்லை. அவரிடம்தான் கார் கம்பெனியின் ஆப் இருக்கிறதே. சிவப்புப் பட்டன். 'திருட்டு'. ஓங்கி அமுக்கினார்.

'புகார் ஏற்கப்பட்டது. வாகனம் அடுத்த முறை நின்றவுடன் இன்ஜின் அணையும். கதவுகள் பூட்டப்படும்.'

மாப்பிள்ளை படிகளில் துள்ளிக்கொண்டு இறங்கினார். சொந்தக் கையால் திருடனைப் பிடித்துவிட்ட நடை.

உள்ளறையிலிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் ஸ்கேன் ரிப்போர்ட். மெயின் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அன்றைக்குக் கடையை விட்டுவிட்டு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகக் கிளம்பியிருந்தாள்.

"பதறாத. வண்டிய ஒருத்தன் கிளப்பிட்டுப் போயிட்டான். ஆனா எங்கயும் போக முடியாது. எங்க நின்னாலும் அங்கயே செத்துரும். நான் லாக் பண்ணிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

அவள் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். ரிப்போர்ட் கையிலிருந்து நழுவியது.

"என்ன ஆச்சு?"

"அப்பா பின் சீட்ல படுத்திருக்காரு."

மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பு போக மறந்து அப்படியே நின்றது.

பெரியவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின். மெஷினின் பேட்டரி இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருந்தது. புது பேட்டரி இன்னும் வரவில்லை. அதனால் வெளியே போனால் காரின் சாக்கெட்டில் ஒயரைச் செருகி ஓட்டுவார்கள். இன்ஜின் ஓடினால்தான் சாக்கெட்டில் கரண்ட். கரண்ட் இருந்தால்தான் மெஷின். மெஷின் இருந்தால்தான்...

அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, சால்வை போர்த்தி, ஒயரைச் செருகி, காரைப் பூட்டிவிட்டு, பிரிட்ஜ் மேல் மறந்த ரிப்போர்ட்டை எடுக்கத்தான் உள்ளே வந்தாள். ரெண்டே நிமிஷம், அதுவரை பேட்டரி தாங்கும். அந்த வீட்டில் கார்ச் சாவிக்கு ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு. மூடியை இறுக்கி மூடிவிட்டால் சிக்னல் வெளியே போகாது. அதை வாங்கி வந்ததும் அவள்தான், வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்ததும் அவள்தான். சாவிக்கு எதுக்குடி டிபன் பாக்ஸ் என்று புருஷன் கிண்டல் பண்ணியபோது ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள்.

ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கு டப்பா என்று இன்றைக்குச் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தப் பூட்ட எடுங்க. மொதல்ல அத எடுங்க!"

ஆப்பில் பூட்டுவதற்குத்தான் பட்டன் இருந்தது. எடுப்பதற்கு ஒரு போன் நம்பர் இருந்தது.

கால் சென்டர் பெண் பாகாய்ப் பேசினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். மிகவும் வருந்துவதாகச் சொன்னாள்.

"ஆனா மேடம், வண்டி திருடு போகலைன்னு ஓனர் சொன்னாத்தான் லாக் கேன்சல் ஆகும். ஓனர் உங்க அப்பா. அவர் லைன்ல வரணும்."

"அவரு அந்த வண்டிக்குள்ளதாம்மா இருக்காரு!"

"புரியுது மேடம். அவர் லைன்ல வரணும்."

வண்டி எங்கே இருக்கிறது என்றாவது சொல்லும்மா என்று கெஞ்சினாள். போலீஸ் எழுத்து மூலமாகக் கேட்டால் மட்டுமே சொல்வார்களாம். மாப்பிள்ளை இன்னொரு போனில் போலீசைப் பிடித்திருந்தார். வண்டியின் பேப்பர்களோடு நேரில் வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேப்பர்கள் வண்டிக்குள் இருந்தன.

அங்கே...

சுருட்டை விசிலடித்தபடி ஊருக்கு வெளியே போகும் பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். புது வண்டி மாதிரியே ஓடுது என்று குஷி. பின்னாலிருந்து ஒரு சத்தம்.

புஸ்... புஸ்...

பாம்பு என்றுதான் நினைத்தான். கண்ணாடியைப் பார்த்தான். சால்வைக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து உட்கார்ந்தது. மூக்கில் குழாய்!

கார் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டு நடுவுக்கு வந்தது.

"யாருப்பா நீ?" என்றார் பெரியவர்.

சுருட்டை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். கார் திருடுவது அவன் தொழில். ஆளைத் திருடுவது இல்லை. அடுத்த மரத்தடியில் நிறுத்தி, இறக்கிவிட்டுப் பறந்துவிடலாம் என்று பிரேக்கில் காலை வைத்தான்.

அப்போது பெரியவரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள்.

"அப்பா, வண்டி நிக்கக் கூடாது. நின்னா இன்ஜின் ஆஃப் ஆயிடும், மெஷினும் நின்னுடும், கதவும் தெறக்காது. வண்டி ஓட்டுற அண்ணா, கேக்குதா? உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். நிறுத்திடாதீங்க."

திருடனிடம் நிறுத்தாதே என்று கெஞ்ச வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அவளுக்கு வந்தது.

சுருட்டை பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். எதிரே டோல்கேட். நீளமான கியூ. நிற்காமல் எப்படித் தாண்டுவது? டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு ரவுண்டானா இருந்தது. சட்டென்று அதற்குள் திருப்பினான்.

சுற்ற ஆரம்பித்தான்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பெட்ரோல் முள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ரவுண்டானா நடுவில் நிழலில் நின்றிருந்த டிராபிக் போலீஸ்காரர் முதல் ரெண்டு தடவை கண்டுகொள்ளவில்லை. அப்புறம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் இறங்கினார்.

"அக்கா, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. போலீஸ் கை காட்டப் போறாரு. நின்னா நானும் உள்ள, உங்கப்பாவும் உள்ள" என்றான் சுருட்டை. அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

மகள் கால் சென்டரை இந்த லைனில் இணைத்தாள். கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். இசை ஓடியது. புல்லாங்குழல்!

உயிர் போகிற நேரத்தில் புல்லாங்குழல். அந்த இசைக்கு நடுவே அப்பாவின் பக்கம் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. போனைக் கையால் பொத்தியிருந்தார். என்ன பேசினார் என்று அவளுக்குப் புரியவில்லை. அப்பா, அப்பா என்று கத்தினாள். பதில் இல்லை.

ஒருவழியாக அந்தப் பெண் வந்தாள். பெரியவரிடம் பெயர் கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள். வண்டியின் நிறம் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் மூச்சைத் தேடி எடுத்தார்.

"இந்த உரையாடல் பதிவாகுது சார். உங்க வண்டி திருடு போயிருக்கா?"

புஸ்... புஸ்...

"இல்லம்மா."

"இப்ப ஓட்டுறது யாரு சார்?"

"வேண்டப்பட்ட பையன்."

"உங்க சம்மதத்தோடதான் ஓட்டுறாரா?"

மாப்பிள்ளை பாய்ந்து வந்தார். "மாமா, அப்படிச் சொல்லாதீங்க, நாளைக்கு இன்சூரன்ஸ்..."

மகள் அவர் வாயைப் பொத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்ய நினைத்த காரியம் அது.

"ஆமா. நான்தான் குடுத்தேன்" என்றார் பெரியவர்.

"நன்றி சார். லாக் கேன்சல் ஆயிடுச்சு. வண்டியக் கண்காணிக்கறதும் நிறுத்தப்படுது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

லைன் கட்டானது.

மகள் திரும்ப அடித்தாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

பூட்டு போய்விட்டது. இனி அந்தத் திருடன் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்ஜினை அணைக்கலாம். அப்பாவை ரோட்டோரத்தில் உருட்டிவிட்டுப் போகலாம். யார் கேட்பது? அவளுக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். கையில் சாவி. காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அதன் பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். மாப்பிள்ளை போலீஸ், கம்பெனி, நண்பர்கள் என்று யார் யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மாப்பிள்ளை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆஸ்பத்திரி எமர்ஜென்சிலேர்ந்து நர்ஸ் பேசறேன். உங்க அப்பாவ இங்க சேர்த்திருக்கு. இப்ப நல்லா மூச்சு விடறாரு. கூட்டிட்டு வந்த தம்பி வண்டியப் பார்க் பண்ணிட்டு வரேன்னு போனாரு. இன்னும் வரல. நீங்க வந்து கையெழுத்து போடணும்."

மகள் போனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆட்டோவில் பறந்தார்கள். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க், அதன் குழாய் சுவரில். இந்தச் சுவருக்கு பேட்டரி தேவையில்லை. மகள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் என்னாலதான்ப்பா என்றாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

"அந்த மியூசிக் ஓடிச்சே, அப்ப அவன்கிட்ட பேசினேன்" என்றார், விட்டு விட்டு. "வண்டி உனக்கு, மூச்சு எனக்குன்னேன். நல்ல பையன். போலீஸ் கை காட்டறதுக்குள்ள ரவுண்டானாவ விட்டு நேரா இங்க ஓட்டிட்டு வந்தான். வாசல்ல ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் இன்ஜின அணைக்கல. லாக் கேன்சல் ஆனதும் மாத்திரம், என் போனைக் கேட்டு வாங்கி ஆஃப் பண்ணிட்டான். அதுல தப்பு சொல்ல முடியாது."

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. கடன் முடியாத வண்டி! ஆப்பைத் திறந்து சிவப்புப் பட்டனை அமுக்கினார். 'உரிமையாளரால் மறுக்கப்பட்ட புகாரை மீண்டும் ஏற்க இயலாது.' போலீசுக்கு அடித்தார். ஓனரே மனமாரக் கொடுத்ததாகப் பதிவு இருக்கும்போது திருட்டு எங்கே வந்தது, பொய்ப் புகார் கொடுத்தால் உங்கள் மேல்தான் கேஸ் வரும் என்றார்கள்.

டிங்!

ஆப்பில் புதுச் செய்தி. மாப்பிள்ளை வாய்விட்டுப் படித்தார்.

"தங்கள் வாகனம் முழுப் பாதுகாப்பில் உள்ளது."

பெரியவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். எங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை."