கிட்டங்கித் தெருவில் ஒரு குழவிக்கல்

ஞானையா செத்துக் கிடந்தார்.

அவருடைய ஓவியக்கூடத்தின் நட்டநடுவே... மண்டை பிளந்து, பக்கத்தில் ஓர் அம்மிக் குழவியோடு!

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஏழு பேர் அதையும் ஒரு கலைப்படைப்பு என்று நினைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். எட்டாவது ஆள்தான் பெயர்ச்சீட்டைத் தேடிக் குனிந்து... அலறினார்.

தச்சநல்லூர் கிட்டங்கித் தெரு அப்படிப்பட்டது. ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளில் இப்போது படம் மாட்டுகிறார்கள். படம் புரியாதவர்கள் எதிர்ச்சாரியில் போய்ச் சாப்பிடுகிறார்கள். யாருக்குமே புரியாததால் சாப்பாட்டுக் கடைகள் ஓகோவென்று ஓடுகின்றன.

இன்ஸ்பெக்டர் சந்தனமாரி சீவலப்பேரியிலிருந்து வந்து இறங்கினாள். முழங்கால் வரை காக்கி நனைந்திருந்தது. நேற்று சாயங்காலம் அணையைத் திறந்ததில், விடியும்போது அவள் வீட்டு வாசலில் ஆறு நின்றது.

ஏட்டு முத்துமாலை அதற்குள் வழக்கையே முடித்து வைத்திருந்தார். எதிர்க்கடை முஹ்சின் கையில் விலங்கு!

"தெருவுலயே அம்மி கெடக்கது இவன் கடையில மட்டும்தாம்மா. நேத்து ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. கொத்துப் பரோட்டா சத்தத்துல கலை செத்துப்போவுதுன்னு ஞானையா வைதிருக்காரு."

கலைக்கு முன்னால் ஞானையா முந்திக்கொண்டார்.

பத்து வருடம் குவைத் வெயிலில் காய்ந்து முஹ்சின் போட்ட கடை அது. அவன் ஜீப்பில் ஏறினால் கடைக்கும் அன்றே மூடுவிழா.

"குழவிய நேத்துலேருந்தே காணலம்மா. அல்லாஹ் அறிய நான் இல்ல..." முஹ்சின் விலங்குக் கையோடு கும்பிட்டான்.

உயிர் போனது இன்று காலை ஏழு மணி வாக்கில் என்றார் டாக்டர். ஞானையாவைத் தவிரக் கூடத்தின் சாவி வைத்திருந்தவர் ஓவியர் மணிராஜ் மட்டுமே. ஆள் அனுப்பினாள் சந்தனமாரி.

மணிராஜ் ஜிப்பாவும் குறுந்தாடியுமாக வந்தார். கையில் ஈரம் காயாத ஓவியம். அழுதுகொண்டே அதைத் தூக்கிக் காட்டினார்.

"காலையில ஆறு மணிலேருந்து ஒம்பது வர ஆத்தங்கரையிலதான் நின்னு இத வரைஞ்சேன் மேடம். கண்ணால காணாதத நான் வரைய மாட்டேன். ஊருக்கே தெரியும்."

இந்தத் தெருவில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு நகர்வது சந்தனமாரியின் வழக்கம். ஆனால் இது புரிந்தது. தாமிரபரணி... நடுவே கல்மண்டபம்... காய்ந்த படிக்கட்டு... அதில் ஒரு கொக்கு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"படிக்கட்டு நல்லாருக்கு அண்ணாச்சி. கொக்கும் நல்லாருக்கு. ஆனா இப்பதான் பாலத்துல பாத்துட்டு வாரேன்... படித்துறை முழுகி, மண்டபத்து உச்சி மட்டும் எட்டிப் பாக்குது. நேத்து ராத்திரிலேருந்து வெள்ளம்லா போவுது?"

மணிராஜின் தாடி ஆடியது.

"அது... கற்பனை மேடம்..."

"அப்போ ஆத்தங்கரையில நின்னதும் கற்பனையா?"

ஓவியம் முந்தாநாள் வரைந்தது; எண்ணெய்ச் சாயம் காய நாளாகும். குழவி நேற்றுத் திருடியது. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர், ஆற்றை மட்டும் பார்க்கவில்லை.

பொத்தென்று உட்கார்ந்தார் மணிராஜ்.

"ஞானையா நாளையோட என் படத்தையெல்லாம் இறக்கப் போறேன்னாரு. இனி என் சுவத்துல உனக்கு இடமில்லன்னுட்டாரு மேடம்..."

விலங்கு கை மாறியது. முஹ்சின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்க ஓடினான்.

சந்தனமாரி ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க அண்ணாச்சி. சுவர் இருந்தாத்தானே சித்திரம்? பாளையங்கோட்டை ஜெயில்ல நாலு பக்கமும் சுவருதான்!"