சத்தம் அடங்கிய பின்னறை

புதுக் கூட்டுக்கு மாற்றிய பிறகும் அந்தக் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம் நிற்கவில்லை. அதுதான் பிரியந்திக்கு முதலில் உறுத்தியது.

கல்யாணமாகி மலைநாட்டு வட்டவளைக்கு வந்தபோது அவள் கையோடு கொண்டுவந்த, குட்டை வால் செல்ல எலியான ஹாம்ஸ்டர், சின்னக் கூட்டில் ஓயாமல் கம்பியைக் கடித்துக்கொண்டே கிடந்தது. டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அவள் கணவன் நிரஞ்சன் குனிந்து பார்த்தான்.

"எடம் பத்தல, அதான் கடிக்குது. பெருசாக் கூடு அடிச்சு, மரத்தூள ஆழமாப் போட்டா அடங்கிரும்."

"முன்ன வளத்திருக்கீங்களாங்க?"

"இல்ல. உசுருன்னா எல்லாம் ஒண்ணுதானே."

அவன் சொன்னபடியே நடந்தது. பெரிய கூட்டில் அது தூளைத் தோண்டி, கிழித்துப் போட்ட துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே தூங்கியது. ஆனால் பனிமூட்டம் ஜன்னலை மூடுகிற பிற்பகல்களில், ஈர மண்வாசனையோடு, பூட்டிக் கிடந்த பின்னறையிலிருந்து அதே சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"எலியா இருக்கும்" என்றான். கடையில் எலி மருந்தும் விற்கிறவன், வீட்டுக்கு ஒரு பொட்டலம்கூடக் கொண்டுவரவில்லை.

அவனுடைய முதல் மனைவி நாகலெட்சுமி டுபாய்க்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள் என்றுதான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அவள் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் அவள் பேச்சை எடுப்பதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சன் சுத்தியலோடு பின்னறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். பொழுதுக்கும் சுவர் இடிபடும் சத்தம்.

"என்னங்க பண்றீங்க?"

"பக்கத்துல சாமான் அறை சும்மாதானே கெடக்கு? ரெண்டையும் ஒண்ணாக்குறேன்."

மறுநாளிலிருந்து சத்தம் இல்லை.

இடம் பெரிதானதும் எலி அடங்குமா?

அவன் கடைக்குப் போனதும் பிரியந்தி அவன் சட்டைகளைத் துழாவினாள். சாவி கிடைத்தது. பூட்டைத் திறந்தாள்.

முழங்கால் ஆழத்துக்கு மரத்தூள். ஜன்னலின் மரச்சட்டங்கள் பாதி தேய்ந்திருந்தன. பல் தடங்கள். எலிப் பல் அல்ல. அகலமானவை.

மூலையில் கிழிந்த சேலைகள். உருட்டி, சுருட்டி, குவித்து வைத்த குவியல்.

"நாகலெட்சுமி அக்கா?"

குவியல் மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு.

"அக்கா, கதவு தொறந்திருக்கு. வாங்க, போயிரலாம்."

துணிகளுக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்தன. கதவுப் பக்கம் நீளவில்லை. பிரியந்தியின் முந்தானையைத் தடவின. பிடித்தன. சரக்கென்று ஒரு துண்டைக் கிழித்து, அவசரமே இல்லாமல், உள்ளே இழுத்துக்கொண்டன.