தேய்க்காத சுவர்

முந்தின நாள் மாலை அவன் மூன்று சுவர்களைத்தான் தேய்த்திருந்தான். காலையில் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தபோது நான்காவது சுவரிலும் அங்கங்கே பாசி போயிருந்தது.

குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவர் அது. தோள் விட்டுப்போனதால் நாளைக்கு ஆகட்டும் என்று அவனே விட்டுவைத்தது. அவனுடைய பிரஷ் மேலிருந்து கீழே, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாக வழித்துக்கொண்டு போகும். இங்கேயோ மெல்லிய கோடுகள். நாலு நாலாக, கீழிருந்து மேலே ஏறி, நீர்மட்டத்துக்கு ஒரு கை கீழே நின்றிருந்தன.

"என்னங்க, நீச்சல் குளம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து குட்டையைக் காட்டுறீங்களே. தவளைகூட யோசிச்சுத்தான் இறங்கும்." சன்னலருகே சக்கர நாற்காலியிலிருந்து மனைவி சிரித்தாள்.

"இன்னும் நாலே நாள். அப்புறம் வாயைத் திறக்க மாட்ட, பாரு."

"தண்ணிக்குள்ள நான் கனமா இருக்க மாட்டேன் இல்ல?"

அவன் வலையை எடுத்தான். போன வருடம் வண்டியை ஓட்டியது அவன்தான். அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொண்டால் கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்தாலும் வரலாம் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான், வேறு எதையும் விசாரிக்காமல் இந்த வீட்டை வாங்கினான்.

அழுகிக் கறுத்த இலைகளை வாரி வாரிக் கொட்டினான். குளோரினைக் கரைத்து ஓரமாகச் சுற்றி ஊற்றினான். பம்பு பகலெல்லாம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, மருந்து நெடியும் சேற்று வாடையும் சேர்ந்து அவன் சட்டையிலும் தலைமாட்டுத் தலையணையிலும்கூட ஏறிவிட்டன. பச்சை வெளிறியது. செத்த பாசி சாம்பலாக அடியில் இறங்கியது. ஒவ்வொரு காலையிலும் ஆழத்துச் சுவரில் அந்தக் கோடுகள் கூடியிருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சுவரோரமாக, நீளக் கம்பில் மாட்டிய பிரஷை இறக்கினான். மறுமுனையை ஏதோ பிடித்துக்கொண்டது. முரட்டுப் பிடி இல்லை. விளையாட்டுப் பிடி. இழுத்தான், விட்டது. மறுபடி இறக்கினான், மறுபடி பிடித்தது.

கம்பைப் போட்டுவிட்டு, வீட்டை விற்ற பெரியவருக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க தம்பி. கூரை ஒழுகுதா?"

"இல்ல சார். குளத்தைச் சுத்தம் பண்ணிட்டிருக்கேன்."



"மண்ணைக் கொட்டி மூடிடுங்கன்னு கையெழுத்துப் போடுறப்பவே சொன்னேனே, தம்பி. பச்சையா கிடந்தா யாரும் இறங்க மாட்டாங்கன்னுதான் அப்படியே விட்டேன். பதினோரு வருஷம். அக்கம்பக்கத்துல சோம்பேறின்னு பேர் வாங்கியாச்சு."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"என் பேத்தி. அப்பதான் நடக்கப் பழகியிருந்தா. யார் விரலைப் பிடிச்சாலும் விடமாட்டா."

போனை வைத்துவிட்டார்.

மூடிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் எழுந்தான். ஆனால் அவள் அவனுக்கு முன்பே எழுந்து, தலையை வாரி முடிந்து, மடியில் துண்டோடு காத்திருந்தாள். ஒரு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை அவன் பார்க்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? நல்ல நேரம் பாக்கணுமா?"

ஆழமில்லாத பக்கம் மட்டும். கையை விடக்கூடாது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவளைத் தூக்கிப் படியிறங்கினான்.

வெயில் அடிவரை போயிற்று. ஓடுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. தரையில் சாம்பல் தூசி லேசாகப் படிந்திருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆழத்திலும் இல்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

அவளுடைய வலது கால் அசைந்தது.

"என்னங்க! பாருங்க, பாருங்க!"

அப்புறம் இடது கால். அவன் அழுதுவிட்டான்.

"கையை எடுங்க. நானே நடக்கிறேன்."

"வேண்டாம்மா."

"ஒரே ஒரு தடவை."

எடுத்தான். ஓர் அடி. இரண்டு. நாலு. தரை சரியத் தொடங்கும் இடத்தில் அவள் நின்று, தண்ணீருக்குள் தாழ்ந்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் விலகி நீண்டிருந்தது. அதைச் சுற்றி வெறும் தண்ணீர்.

"யாருங்க இது?" அவள் குரல் குழைந்தது. "எவ்வளவு சின்னக் கை."

பாய்ந்தான். இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். வரவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். திரும்பவில்லை. அவன் கால் வழுக்கியது. பிடி நழுவியது.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணைத் திறந்தான்.

தரைத் தூசியில் அவள் காலடிகள். பக்கத்திலேயே, அவன் உள்ளங்கை நீளத்துக்கு, இன்னொரு ஜோடி. இரண்டும் புதிது புதிதாகப் பதிந்துகொண்டே போயின. முடி அவிழ்ந்து மேலே மிதக்க, அவள் ஆழத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள், அந்தச் சின்ன அடிக்கு ஏற்றபடி தன் அடியைக் குறுக்கிக்கொண்டு.