மெத்தையில் அட்டை

கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது.

றீட்டா போர்வையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால் தையலை மூடிய வெள்ளைத் துணி, அதற்குக் கீழே அவளுடைய கால். வேறொன்றும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவளுக்கு அட்டை ஏறுவது தெரியாதா? கடிக்கும்போதுதான் தெரியாது. ஏறும்போது அந்தக் குளிர்ச்சியும், ஒட்டி ஒட்டி இழுத்து நடக்கும் அந்த நடையும் தோலுக்குத் தெரிந்துவிடும். இதுவும் அதே நடைதான். ஆனால் தோலுக்கு மேலே இல்லை.

கொஸ்லந்தைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மத்தியானச் சோறு முடிந்ததுமே பனிமூட்டம் இறங்கி வாசல் இஸ்தோப்பு வரை வந்து நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்ததால் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், பக்கத்து வீட்டுக் காம்பராவில் எதையோ சுரண்டும் கோழியும் தவிரச் சத்தமில்லை. ஈர விறகின் புகையோடு, காலிலிருந்து ஆஸ்பத்திரி மருந்து வாடையும் மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் புரண்டாள், வலது பக்கம் புரண்டாள். எப்படிப் படுத்தாலும் கால் அவளுடையதாக இல்லை.

தேய்ந்துபோன முழங்கால் மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பிய அன்று நர்ஸ் ஸுலைஹா விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள்: "இந்த ஆபரேஷனுக்குப் பொறகு கால்ல ரத்தம் கட்டிப் போகலாம். அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினா ஆளையே கொண்டு போயிரும். அது வராமத்தான் இந்த மாத்திர. ஒரு நாளும் விடக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினா, மூச்சு வாங்கினா, ஒடனே வாங்க. தேய்க்கவே கூடாது."

றீட்டா தலையாட்டினாள். மாத்திரையும் ஒழுங்காகத்தான் போட்டாள், அந்த அட்டை கடிக்கும் வரை.

நடக்கச் சொன்னார்களே என்று வோக்கரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போஞ்சிப் பாத்தியைப் பார்க்கப் போனாள். புருஷன் சிங்கராயர் சிரித்தார். "அட்டையப் புடிச்சி மெத்தையில வச்சாலும் செத்தையத்தான் தேடுமாம். ஒனக்குன்னே சொல்லி வச்சிருக்காங்க." திரும்பி வந்தபோது நல்ல காலின் கணுக்காலில் இரத்தம் வழிந்தது. அட்டைக்கடி புதிதா என்ன? ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டினால் போதும், நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. கடதாசி நனைந்தது, சுண்ணாம்பு கரைந்தது, துணி மாற்றி மாற்றிக் கடைசியில் படுக்கை விரிப்பே நனைந்தது. விடியும்போதுதான் நின்றது. மாத்திரை இரத்தத்தைத் தண்ணீராக்கிவிட்டது என்று றீட்டா நடுங்கிப்போனாள். மறுநாளிலிருந்து மாத்திரைகள் கட்டிலோரத்துத் தட்டில் நின்ற மாதா சுரூபத்தின் பின்னால் போயின. யாருக்கும் சொல்லவில்லை.

ஃபோன் அடித்தது. மகள் நிலக்ஷனா, பதுளையில் துணிக்கடையில் வேலைக்கு நிற்பவள்.

"அம்மா, மாத்திர போட்டியா?"

"போட்டேன்டி."

"கால் வீங்கலயே?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

சொல்லும்போதே அது ஒரு விரற்கடை ஏறியது. ஃபோனை வைத்துவிட்டு றீட்டா தன்னையே வெறுத்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் காவலிருந்த பிள்ளையிடம், மாத்திரையை ஒளித்து வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? காலைப் பார்த்தாள். நேற்றைவிடப் பெருத்திருந்தது. தோல் மினுங்கியது. தொட்டால் சுட்டது.

தலைமாட்டில் இருந்த உப்புப் போத்தலை எடுத்துக் கெண்டைக்காலில் தூவினாள். அட்டை உப்புக்குச் சுருண்டு விழும். எதுவும் விழவில்லை. உள்ளே ஒன்று சுருங்கியது. மறுபடி நீண்டது.

சிங்கராயர் தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். காலைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னா இப்பிடி வீங்கிக் கெடக்கு? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? நீர் எறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

அவர் அடுப்படிக்குப் போனார். எண்ணெய் காயும் வாசம் வந்தது. சுளுக்கு என்றால் அந்த லயமே தேடி வருவது அவருடைய கையைத்தான்.

"வேணாங்க. தேய்க்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க."

"அது முழங்காலுக்குடி. நான் தையல் பக்கமே போகல."

சொல்லிவிடு, றீட்டா. மாத்திரை போடவில்லை என்று இப்போதாவது சொல்லிவிடு. வாயைத் திறந்தாள். அதற்குள் சூடான உள்ளங்கைகள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டன. நேற்றிலிருந்து இல்லாத சுகம். கண் தானாக மூடியது.

கை கீழிருந்து மேலே போனது. கூடவே அதுவும் போனது.

அவருடைய கட்டைவிரலுக்கு அடியில். அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கீழிருந்து மேலே. முழங்காலின் பின்பள்ளத்தில் நின்றது. தலையை ஆட்டி ஆட்டி வழி தேடியது.

"ஏங்க. போதும்."

"இன்னும் ரெண்டே இழுப்பு."

வழி கிடைத்துவிட்டது.

தொடை. தொடையிடுக்கு. வயிற்றுக்குள் ஒரு குளிர்ந்த கோடு.

"பாத்தியா, லேசா எறங்கிருச்சு!" சிங்கராயருக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்ண மூடித் தூங்கு. கையக் கழுவிட்டு வாறேன்."

றீட்டா காலைப் பார்த்தாள். உண்மைதான். முன்னைக்கு மெலிந்திருந்தது. எதுவும் ஊரவில்லை. நிம்மதி வந்தது. அந்த நிம்மதியின் மேலேயே கேள்வியும் வந்தது.

அது எங்கே போனது?

மூச்சை இழுத்தாள். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தாள். அதிலும் பாதி.

இடது மார்புக்குக் கீழே ஏதோ வசதியாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. ஈட்டி குத்தவில்லை, நெருப்பு வைக்கவில்லை. கடிக்கும்போது தெரியாது.

"ஏங்க" என்றாள். சத்தமில்லை. வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் சாவகாசமாகக் கைக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டினாள். மாதாவைத்தான் பிடிக்கப் போனாள், தட்டுத்தான் கையில் பட்டது. சுரூபம் சாய்ந்தது. ஒளித்து வைத்த மாத்திரைகள் ஒவ்வொன்றாகச் சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டன.

இருமல் வந்தது. உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். சூடாக எதுவோ கையில் விழுந்தது.

விரித்துப் பார்த்தாள். எச்சில். இரத்தம். அதன் நடுவில் ஒரு கறுப்பு, தீக்குச்சித் தலை அளவு.

அது மெல்ல நீண்டது. ஒரு நுனியைக் கையில் ஊன்றிக்கொண்டு, மறு நுனியைத் தூக்கி, அவள் முகத்துப் பக்கம் ஆட்டி ஆட்டித் தேடியது.

இது குட்டி.

பெரியது இன்னும் உள்ளேதான் இருந்தது.