வாளைக் கீழே வைத்த குருவி

“போச்சு! மறுபடியும் செத்துட்டா!” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

செத்தது குருவி இல்லை. இணைய விளையாட்டில் அவள் எடுத்திருந்த புயல்வாள் வீரன்தான். ஓரிடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். இப்போதும் நாற்காலியின் நுனியில்தான் தொற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேர் சேர்ந்து மூன்று பேரோடு மோதும் விளையாட்டு அது. அண்ணன் கேடயக்காரன். எதிர்வீட்டுக் குண்டூசி வில்லாளி. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். குருவிக்கோ புயல்வாள்தான் வேண்டும். வகுப்பில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பேசுவது அவனைப் பற்றித்தானே!

“பாதியில ஏன் திரும்பி வந்தே?” என்றான் அண்ணன்.

“குண்டூசி ‘ஐயோ’ன்னு கத்தினானே!”

“அவன் கொசு கடிச்சாலும் கத்துவான். புயல்வாள்னா எதிரியைப் பார்த்து ஓடணும். முன்னயும் பின்னயும் ஊஞ்சல் ஆடக் கூடாது.”

குண்டூசி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். “சாயங்காலம் பின்தெரு பசங்களோட ஆட்டம். தோத்தா போட்டியை விட்டே வெளியே போக வேண்டியதுதான். பேசாம உங்க சித்தி பையனைக் கூப்பிடலாமா?”

‘வேண்டாம்’ என்று அண்ணன் சொல்லவில்லை. அதுதான் குருவிக்குச் சுருக்கென்றது.

மதியம் குருவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“காலை ஆட்டாதேடி. டம்ளர்ல தண்ணி தளும்புது” என்றாள் அம்மா.

“நான் ஆட்டலைம்மா. அதுவா ஆடுது!”

சாப்பிட்டதும் குருவி பயிற்சி மைதானத்துக்குள் தனியாக நுழைந்தாள். வாளைச் சுழற்றினாள். விழுந்தாள். மறுபடி சுழற்றினாள். அப்போது ‘முட்டைக்கோஸ்’ என்ற பெயரில் ஒரு புது ஆள் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தாள். எதிரிகள் சுற்றி நின்று அவனைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

‘யாராவது காப்பாத்துங்க! எப்படித் திரும்புறதுன்னே தெரியல!’ என்று திரையில் எழுத்து ஓடியது.

குருவி பாய்ந்து போய் ஒரு எதிரியை வெட்டினாள். அதற்குள் முட்டைக்கோஸ் சாய்ந்துவிட்டான். விழுந்தவனை எழுப்பப் புயல்வாளால் முடியாது.

அது ஒரே ஒருத்தியால்தான் முடியும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வரிசையின் கடைசியில் மருந்துப் பையோடு நிற்கும் மருத்துவச்சி. கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது. குண்டூசி அவளுக்கு வைத்த பெயர் ‘பஞ்சு மூட்டை’.

“இவனுக்காக ஒரு தடவை எடுப்போம்” என்று குருவி முணுமுணுத்தாள்.

முட்டைக்கோஸ் விழ விழ எழுப்பினாள். அவள் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று அலைந்தது. யார் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ‘இடது பக்கம்!’ என்று எழுதினாள். முட்டைக்கோஸ் திரும்பி முதல் எதிரியை வீழ்த்தினான்.

‘ஹையா!’ என்று அவன் எழுதியபோது குருவி நாற்காலியிலேயே குதித்தாள்.

‘எதிரியைத் துரத்தணும்னு எனக்குத் தோணவே மாட்டேங்குது. நம்ம ஆளுங்களையேதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் வாள் எதுக்கு எனக்கு?’ என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சித்தி பையனுக்கு அண்ணன் போன் போடுவதற்குள் குருவி குறுக்கே வந்து நின்றாள்.

“நான் மருத்துவச்சியா வர்றேன்.”

“பஞ்சு மூட்டையா? அப்போ யாரு அடிக்கிறது?” என்றான் குண்டூசி.

“நீங்க அடிங்க. விழுந்தா நான் எழுப்புறேன். முதல் சுற்றுல சொதப்பினா நானே எழுந்து போயிடுறேன்.”

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவதில் தோற்றார்கள். ஆனால் யாரும் குருவியை எழுந்து போகச் சொல்லவில்லை. கடைசிச் சுற்றில் குண்டூசி விழுந்தான், குருவி எழுப்பினாள். அண்ணன் விழுந்தான், அவனையும் எழுப்பினாள்.

“அண்ணா, சுவருக்குப் பின்னால ஒருத்தன் பதுங்குறான்!”

அண்ணன் கேடயத்தைத் திருப்பவும் எதிரியின் வாள் அதில் மோதவும் சரியாக இருந்தது. குண்டூசி அம்பை விட்டான். ஆட்டம் முடிந்தது. மூவரும் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேரம். குண்டூசி நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“குருவி, நீ என் கூடவே வருவேதானே?”

“நீ முதல்ல ஓடு. நான் பார்த்துக்கிறேன்” என்றாள் குருவி.