உரைகல்லில் இரண்டு கோடு

கெடாரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு. மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்த களத்தைத் தாண்டி மூன்றாவது வீடு. ஓட்டு வீடு, பச்சைக் கதவு. வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு தூசி படிந்து கிடந்தது.

நான் திண்டிவனத்தில் வேங்கடேசன் சாரின் பழைய நாணயக் கடையில் வேலை பார்க்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். ஒரு காசை வாங்குவதற்கு முன் அதன் நிலையைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. கடைக்கு வெளியே தனியாகப் போனது அன்றுதான் முதல்முறை. சாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நீதான் வாயே திறக்க மாட்டியே, எதிராளி பயந்துபோய் தானா விலையைக் குறைச்சிடுவான் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

அப்பா ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தார். பக்கவாதம். அந்த வாரம்தான் வலது கை விரல்கள் அசைந்தன. தை பிறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தவர் கெங்கம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் அப்பாதுரை இறந்து நாற்பது நாள் ஆனதாகவும், அதனால்தான் காசை விற்பதாகவும் சொன்னார். கூடத்தில் வெளிச்சம் குறைவு. பால் காய்ச்சும் வாசனை வந்தது. அங்கிருந்து அடுப்பு தெரிந்தது. அது எரியவில்லை.

கூடத்தை ஒட்டிய அறைக்கதவு சாத்தி, வெளியே நாதாங்கி போட்டிருந்தது.

காசை அவர் என் கையில் கொடுக்கவில்லை. ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"எடை போட்டுக்கோ பாப்பா. கண்ணாடி வெச்சிப் பாத்துக்கோ. உரசி மட்டும் பாக்காத."

காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினேன். 1918-ஆம் வருடத்துத் தங்கச் சவரன், பம்பாய் அச்சு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை வீரன். புழங்கிய காசில் முதலில் தேய்வது மேடான இடங்கள். இதில் ராஜாவின் தாடி முடி முடியாகத் தெரிந்தது. குதிரையின் கழுத்துச் சதையும் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தபோது பளபளப்பு தடையில்லாமல் சுற்றி வந்தது. யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை. நூறு வருடத்தில் கைபடாத காசு போல இருந்தது.

விளிம்பைத் தவிர.

ஓரிடத்தில் விளிம்பு தட்டையாக இருந்தது. அரம் போட்ட மாதிரி இல்லை. பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, கல்லில் தேய்த்த தட்டை. லென்ஸில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன்.

எடை 7.61 கிராம். 7.98 இருக்க வேண்டும். தேய்மானம் காரணமாக இருக்கலாம். உள்ளே வேறு உலோகமாகவும் இருக்கலாம். அடர்த்தி பார்க்கும் கருவி கடையில் இருந்தது. உரசாதே என்று சொல்லும் ஆளை நம்பக் கூடாது என்பது கடையில் நான் படித்த முதல் பாடம்.

தண்ணீர் கேட்டேன். கெங்கம்மாள் எழுந்து பின்பக்கம் போனார்.

பையிலிருந்து உரைகல்லை எடுத்தேன். ஏற்கெனவே தேய்ந்த இடம்தானே, காசின் நிலை கெடாது. ஒரு கோடு இழுத்தேன்.

மூடியிருந்த அறைக்குள் யாரோ விழுங்கினார்கள்.

பல்லியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கோட்டை நம்பாதே, இரண்டு இழு என்பதும் கடைப் பழக்கம். இரண்டாவதையும் இழுத்தேன்.

மறுபடியும் அந்தச் சத்தம். தொண்டை வழியாக மெதுவாக இறங்கும் சத்தம்.

பால் வாசனை திடீரென்று அதிகமானது. நைட்ரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். தங்கமில்லாவிட்டால் கோடு கரைந்துவிடும். இரண்டு கோடுகளும் மஞ்சளாக அப்படியே இருந்தன. சுத்தமான காசு. அந்த அம்மா பொய் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது அவர் சொம்போடு நின்றிருந்தார். கல்லைப் பார்த்தார். கத்தவில்லை.

"எத்தினி?"

"ரெண்டு."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு, பொன் ஆசை விலகட்டும் என்று இந்தக் காசைக் கல்லில் உரசி, பாலில் கலந்து ஊற்றுவார்களாம். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் யார் கிடந்தாலும் இங்கேதான் வந்து வாங்கிப்போவார்களாம். ஒரு உரசலுக்கு ஒரு சொட்டு. மூன்றாவது சொட்டில் உயிர் போய்விடும்.

"மூணாவது உரசலன்னா?"

"உரசாம உட்டவங்க இல்ல."

அப்புறம் அவர் அந்தக் கதவைப் பார்க்காமல் சொன்னார்.

"அவுரு சாவக் கெடக்கல பாப்பா. தேறிக்கினு வந்தாரு. எட்டு மாசம் பீத்துணி அலசி எனக்குத்தான் ஓஞ்சி போச்சி. அன்னிக்கு வாயத் தொறந்து கஞ்சி கேட்டாரு. நல்லா தெளிவா கேட்டாரு. நான் காசை உரசி ஊத்திட்டேன்."

அறைக்குள் உலர்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது.

"அதுலேர்ந்து தொறந்த வாய மூடல. காசை எங்க உரசினாலும் அவுருதான் வந்து நிப்பாரு. ஓங்கூட்ல யாருனா படுக்கையில இருக்காங்களா?"

உரைகல்லை என் கைத்துணியில் சுற்றினேன்.

போன மாதம், அப்பாவின் விரிப்பை மாற்றிவிட்டுக் கை கழுவும்போது, போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கெங்கம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பணம் வேண்டாம், எடுத்துக்கினு போயிடு என்று காசை என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் தொடவில்லை. கல்லை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு செருப்புதான் கிடந்தது.

விழுப்புரத்தில் பஸ் மாறும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா தூங்குகிறார் என்றாள். மத்தியானம் ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லையாம். ஆனால் பன்னிரண்டரை மணி வாக்கில், தூக்கத்திலேயே வாயைத் திறந்து ரெண்டு வாட்டி முழுங்கினாராம். நல்லதுதானே, முழுங்க வருதே என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காசு கெடாரில் இருக்கிறது. காசு இல்லாமல் கல்லில் கோடு விழாது. வேறு எந்த உலோகம் பட்டாலும் அந்த நிறம் வராது. மயிலம் தாண்டும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தன. காலையில் என் விரலை லேசாக அழுத்திய கை, இப்போது அழுத்தவில்லை. உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

கல்லைக் கழுவிவிட வேண்டும் என்று பையோடு பின்பக்கம் போனேன். கோடுகளை ராஜதிராவகம் கரைத்துவிடும். அது கடையில் இருந்தது. இப்போதைக்குச் சோப்பும் மணலும் போதும் என்று குழாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"மலரு, இங்க வாயேன். அப்பா வாயத் தொறந்துக்கினு என்னியே பாக்குறாரு. பால் கேக்குறாரு போல, காய்ச்சட்டுமா?"

வீட்டில் அடுப்பு எரியவில்லை. பால் வாசனை வந்தது.

துணியைப் பிரித்தேன்.

கல்லில் மூன்று கோடுகள் இருந்தன. மூன்றாவது இன்னும் ஈரமாக இருந்தது.