எதிர் மண்டபத்தைவிட ஒரு பிடி

“மதுரையில வெண்பனி கொட்டுன அன்னைக்கு உங்கப்பா மீசை விறைச்சுப் போச்சு மாப்ள. அதுல அடிச்சுத்தான் கல்யாணத் தேங்காயையே உடைச்சோம்!”

“எங்கப்பாவுக்கு மீசையே கிடையாதே, மச்சான்.”

“அன்னைக்கு உடைஞ்சதுக்கு அப்புறம்தான் கிடையாது.”

குருநாதன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் எழுதிய மதுரை வானிலை வரலாறு இன்னும் சில நாளில் அச்சுக்குப் போகிறது. அதில் பனிப்பொழிவுகளுக்கென்று ஓர் அத்தியாயம் வேண்டுமென்று அக்காள் கணவர் சோணைமுத்து விடாப்பிடியாக நின்றார். குளிர்க்குடையை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

குளிர்க்குடை என்பது நகரத்துக்கு மேலே மிதக்கும் பல கோடிக் கண்ணாடித் துகள்கள். வெயிலைத் திருப்பியடிக்கும், தரையின் சூட்டை அள்ளி விண்வெளியில் வீசும். அது வந்தபின் சித்திரைத் தேரைச் சனங்கள் சால்வை போர்த்திக்கொண்டு இழுத்தார்கள். கல்யாண மண்டபங்கள் கூரையையே கழற்றிவிட்டன. வீடோ மண்டபமோ, தனக்கு மேலிருக்கும் வானத்திடம் வாயால் சொன்னால் போதும், கேட்ட குளிர் இறங்கும்.

“மூணு பனி மாப்ள! ரெண்டாவது பனியில தெப்பக்குளமே கல்லாயிருச்சு. ஒரு எருமை சறுக்கிக்கிட்டே மைய மண்டபத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்துச்சு. மூணாவதுல சிம்மக்கல் கடையில இட்லி ஆவி பொடியா உதிர்ந்துச்சு. அதையும் சட்னியோட வச்சு வித்துப்புட்டான்.”

“இவ்வளவு நடந்தும் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலையாக்கும்?”

“மூணும் முகூர்த்த நாளு. மண்டபத்துக்காரன் மெசின் வச்சு நுரை அடிக்கிறான்னு நெனைச்சுருச்சுக.”

“பதினெட்டு டிகிரிக்குக் கீழ குளிரை எவன் கேப்பான்?”

“டிகிரியை யாரு கேட்டா? எதிர் மண்டபத்தைவிட ஒரு பிடி கூடப் போடும்பாக. எதிர்ல இருக்கவனும் அதையே சொன்னா? குடை ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி இறக்கிக்கிட்டே போகும்.”

“ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அம்புட்டு முட்டாளா இருக்க மாட்டாங்க, மச்சான்.”

சோணைமுத்துவின் முகம் சுருங்கியது. “நான் ஓட்டுன குடை மாப்ள. அத்தியாயம் வேணாம், ஒரு வரி போடு,” என்றார்.

“கண்ணால பார்க்காததை எழுத மாட்டேன்.”

புத்தகம் அச்சேறுவதற்குள் குருநாதனின் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம் வந்தது. பைபாஸ் ரோட்டில் பெரிய மண்டபம், காலை முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, யார் காதிலோ சொல்வதுபோல் குருநாதன் காதில் விழச் சொன்னார்: “எதிர் மண்டபத்துல சும்மா சிலுசிலுன்னு இருக்காம்ல. இங்கிட்டு என்னமோ சுமாராத்தான் இருக்கு.”

குருநாதனுக்குச் சுருக்கென்றது. நேரே மணவறைக்குப் பின்னால் போனார். அண்ணாந்து பார்த்து, “எதிர் மண்டபத்தைவிட ஒரு பிடி கூட,” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர் மண்டபத்துப் பெண்ணின் தகப்பனார் விடியும்போதே அதைச் சொல்லி வைத்துவிட்டிருந்தார்.

நாதஸ்வரக்காரரின் மூச்சு புகையாய் வந்தது. வாழை இலைகள் அப்பளம்போல் மொறமொறத்தன. தாலி ஏறிய நொடியில், யாரும் தூவாத அட்சதை வானத்திலிருந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, மணவறை முழுக்க.

கூட்டம் கைதட்டியது. “நுரை மெசினெல்லாம் வச்சு அசத்திப்புட்டீங்களே!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நுரை இல்லீங்க சம்பந்தி! நெசப் பனி!”

“சரி சரி, நாங்க யார்கிட்டயும் சொல்லலை,” என்று கண்ணைச் சிமிட்டினார் அவர்.

இன்னும் நாலு பேரிடம் குருநாதன் சத்தியம் செய்து பார்த்தார். நாலு பேரும் வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள்.

பந்தல்காலருகே சோணைமுத்து உள்ளங்கையை விரித்து நின்றார்.

“எழுதுறேன் மச்சான்,” என்றார் குருநாதன், பல் தந்தியடிக்க. “முழு அத்தியாயமே எழுதுறேன். ஒருத்தனும் நம்பப் போறதில்லை. ஆனா நடந்துச்சு மச்சான். அன்னைக்கும் நடந்துச்சு.”